ஊர் எழுதாத அடிக்குறிப்பு

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ஒரு விசயம் எனக்குள்ளே கிடந்து உருளுது. அது சரியா பிழையா என்று இன்றைக்கும் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தால் பிடிபடுமோ தெரியாது.

பேர்கள் போட மாட்டேன். ஏன் என்று வாசித்தால் தெரியும்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து நாலைந்து வருசம் இருக்கும். மொன்றியலில், வில்லரே பக்கம், ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்கு நான் ஜனிட்டர். நிலக்கீழ் வீட்டில் நானும் மனிசியும் மகளும். குப்பை, ஸ்னோ தள்ளுவது, ஹீட்டர், அடைபட்ட சிங்க், எல்லாம் என் வேலை. எல்லா வீட்டுத் திறப்பும் சாவிக் கொத்தாய் என் இடுப்பில் கிடக்கும்.

இரண்டாம் மாடிக்கு ஒரு மலையாளத்துப் புரொபசர் குடிவந்தார். அறுபது வயது, தனி ஆள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரியில் படிப்பிக்கிறார். மொன்றியல் ஒரு தீவு; அது அந்தத் தொங்கல், கடைசி முனை. மெட்ரோ பிடித்து, பஸ் பிடித்து, பிறகும் ஒரு பஸ். "ஏன் சேர் இவ்வளவு தூரத்திலை வந்து இருக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன். "பஸ்ஸில் வாசிக்கலாம்" என்றார். அது ஒரு மறுமொழியா என்று எனக்கு விளங்கவில்லை.

கட்டில் ஒன்று, மேசை ஒன்று. மிச்சமெல்லாம் புத்தகம். சப்பாத்துப் பெட்டிகள் ஏழு, சுவரோடு வரிசையாய். இவருக்கு எத்தனை காலடா என்று நினைத்தேன்.

அவர் மலையாளத்தையும் தமிழையும் கலந்துதான் கதைப்பார். என் நினைவில் பாதி தமிழாய்த்தான் கிடக்கு. அப்படியே எழுதுகிறேன்.

முதல் குளிர்காலம் அவருடைய ஹீட்டர் ஒழுகியது. நிலத்தில் படுத்துக் குறடு போட்டு முறுக்கிக்கொண்டிருந்தேன். மனிசி போன் எடுத்தாள். "இஞ்சை புரொபசரோடை பறைஞ்சுகொண்டு நிக்கிறன். பேந்து எடு" என்று வைத்தேன்.

மேசையில் இருந்தவர் எழும்பி வந்து என் தலைமாட்டில் நின்றார்.

"எந்தா பறஞ்ஞது?"

வேலை நேரத்தில் போன் கதைத்ததுக்குக் கோபம் என்று நினைத்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். மனிசி."

"அல்ல, அல்ல. அந்தச் சொல்லு. ஒருக்கால் கூடப் பறயூ."

"எந்தச் சொல்லு சேர்? குறடோ?"

"பறைஞ்சு."

எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. மகள் அந்தச் சொல்லுக்கு என்னை ஏசுவாள். "அப்பா, ஆக்களுக்கு முன்னாலை பறையிறது கிறையிறது எண்டு சொல்லாதேங்கோ. கதைக்கிறது எண்டு சொல்லுங்கோ" என்பாள். அவளுக்குத் தமிழே அரைகுறை. அதுக்குள்ளேயும் எது மட்டமான சொல் என்று தெரிந்து வைத்திருந்தாள். யார் சொல்லிக் கொடுத்ததோ.

"பறையிறது எண்டால் கதைக்கிறது சேர். பழைய ஆக்களின்ரை சொல்லு. இப்ப ஒருத்தரும் சொல்லுறேல்லை."

அவர் ஒரு சப்பாத்துப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சப்பாத்து இல்லை. சின்னச் சின்ன அட்டைகள், நெருக்கி அடுக்கினபடி. ஒரு வெறும் அட்டையை எடுத்தார்.

"எங்கள் நாட்டில் நீதவானும் பறையும், பிச்சைக்காரனும் பறையும். அதுதான் சொல்லு. தமிழ்நாட்டில் போய்ப் பற என்றால் மேளம் என்பான், சாதி என்பான், சண்டைக்கு வருவான். உங்கள் ஊரில் வயதானவர் மட்டும் வீட்டுக்குள் சொல்லும், வெளியில் வெட்கப்படும். ஒரே சொல்லு. எந்துகொண்டு? ஏன்?"

எனக்கு எப்படித் தெரியும்? என் கையில் ஈரத்துணி.

"எந்த ஊர்?" என்றார், பேனையைத் திறந்தபடி.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் எந்த ஊர் என்று கேட்டால் ஊரைக் கேட்பதில்லை. ஊர் சொன்னால் எந்தப் பக்கம் என்பார்கள். பக்கம் சொன்னால் எந்தக் கோயிலடி என்பார்கள். கோயிலைச் சொன்னால் போதும், என்ன ஆட்கள் என்று தெரிந்துவிடும். முகம் ஒரு சொட்டு மாறும். சிரிப்பு நிற்காது, ஆனால் மாறும். நான் பதினைந்து வருசமாய் "டவுனுக்குக் கிட்ட" என்று சொல்லி வந்தவன். மேலே கேட்டால் வெளியில் ஸ்னோவைப் பார்ப்பேன். அதிகம் கதைக்காதவன் என்று எனக்கு நல்ல பேர். கதைத்தால் கதையோடு ஊரும் வந்துவிடும். அதுதான் காரணம்.

அவருக்குச் சொன்னேன். ஊர், நாங்கள் இருந்த ஒழுங்கைச் சந்து, அப்பா என்ன தொழில், யாருடைய வீட்டுப் படலைக்கு வெளியில் எவ்வளவு நேரம் நிற்போம், எல்லாம். ஏன் சொன்னேன் என்று தெரியாது. மலையாளத்து மனிசன்தானே, இவர் யாருக்குச் சொல்லப் போகிறார் என்று நினைத்திருப்பேன்.

அவர் தலை நிமிராமல் எழுதினார். முகம் மாறவில்லை. எழுதி முடித்துத் தேத்தண்ணி போட்டார். வீட்டில் இரண்டே கோப்பை. ஒன்றில் பேனைகள் நின்றன. பேனைகளை மேசையில் கொட்டிவிட்டு அதைக் கழுவி எனக்குத் தந்தார். அடியில் நீல மை போகவில்லை. குடித்தேன்.

அதுக்குப் பிறகு மேலே போனால் பத்து நிமிசம் நிற்பேன். என்னை அண்ணை என்று கூப்பிடுவார். மற்ற வீட்டுத் தமிழ் ஆட்களிடம் பிடித்துக்கொண்டது.

"உங்களுக்கு நான் தம்பி சேர். பத்து வயசு குறைவு."

"எங்கள் நாட்டில் பைப்பு நன்னாக்குகிற ஆள் எல்லாம் சேட்டன். வயது பைப்புக்குத்தான்."

அவருடைய கதை துண்டு துண்டாய்த்தான் எனக்குத் தெரியும். பெரிய வீட்டுப் பிள்ளை. இருபத்தாறு வயதில் மலையாளத்தில் ஒரு கட்டுரை எழுதினாராம். அவர்களுடைய வீட்டு முற்றத்தில் வேலையாட்களுக்கு நிலத்தில் குழி தோண்டி, இலை போட்டு, அதுக்குள்ளே கஞ்சி ஊற்றினது பற்றி. தகப்பன் பேர், வீட்டுப் பேர், எந்த மரத்துக்குக் கீழே குழி, எல்லாம் எழுதிப் போட்டார். தகப்பன் அதுக்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை. கதைக்காமலே செத்துப்போனார்.

பிறகு இங்கிலீசிலும் எழுதத் தொடங்கினார். புத்தகங்கள் வந்தன, வேலை வந்தது, கனடா வந்தது. எதையும் இரண்டு தரம் எழுதுவார். ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதுவதில்லை. திரும்ப முதலில் இருந்து.

"ஏன் சேர் ரெண்டு வேலை?"

"மலையாளத்தில் எழுதினால் அடி கிட்டும். இங்கிலீசில் எழுதினால் சம்பளம் கிட்டும். ரெண்டும் வேணுமே."

அடி என்றது கடிதம். கேரளாவிலிருந்து ஏசி எழுதுவார்கள். அதை அவர் பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டுவார். ஒருநாள் ஒன்றை எனக்கு வாசித்துக் காட்டினார். அவரைத் தென்னையில் கட்டி வைத்து அடிக்க வேண்டுமாம். எழுதினது ஒரு தலைமை ஆசிரியர்.

"மொன்றியலிலை தென்னை இல்லை சேர். பயப்பிடாதேங்கோ."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்றது.

எனக்கு ஆனால் அந்த மனிசன் பிடிபடவே இல்லை. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாத ஆள். தானாய்ப் போய்த் தோண்டி, தன் வீட்டுக் குழியை ஊருக்குக் காட்டி, அதுக்கு அடியும் வாங்குகிறார். நாங்கள் தோண்டுப்படாமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறோம். இவருக்கு விசரோ என்றும் நினைத்திருக்கிறேன்.

மகள் ஒரு கார்தெறியில் வேலை செய்தாள், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. நகருக்கு வெளியே டொலார்டில் இருக்கிற ஒரு பெடியனை விரும்பினாள். நல்ல பெடியன். தகப்பனும் மரியாதையான ஆள். எங்களைக் கோயிலில் வைத்துச் சந்திக்க வேணும் என்றார்கள். போனோம்.

சாப்பாட்டு மண்டபத்தில் பெடியனின் தகப்பன் எனக்கு முன்னால் இருந்தார்.

"தம்பி எந்தப் பக்கம்?"

"டவுனுக்குக் கிட்ட அண்ணை."

"கிட்ட எண்டால்? எந்தக் கோயிலடி?"

"நாங்கள் சின்னனிலையே இடம்பெயர்ந்திட்டம் அண்ணை. பத்து இடம் மாறியாச்சு."

"அது சரி. இப்ப ஆருக்கு ஊர் இருக்கு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பார்வையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் சாம்பாரைக் குழைத்தார். பிறகு, "உங்கடை பில்டிங்கிலைதானாமே அந்த மலையாளப் புரொபசர். என்ரை மகள் அவரிட்டைப் படிச்சவள். அவர் இங்கிலீசிலை எழுதுறது ஒண்டும் விடமாட்டாள். யாழ்ப்பாணத்துச் சொல்லொண்டைப் பிடிச்சு இப்ப ஏதோ எழுதுறாராம். ஆரோ ஒரு எங்கடை ஆள் சொன்னதாம். வரட்டும், ஆரெண்டு பாப்பம்."

நான் சாம்பார் வாளிக்காரனைக் கூப்பிட்டேன்.

பெட்டிகளில் இருக்கிற அட்டை எப்படி எழுதப்படும் என்று எனக்குத் தெரியும். அவரே சொன்னார். சொல், சொன்ன ஆள், ஊர், என்ன ஆட்கள். கட்டுரையில் அது அடியில் சின்ன எழுத்தில் வரும். "யார் பறஞ்ஞது என்று எழுதாவிட்டால் அது களவு" என்பார். அப்படி வந்தால் டொலார்டில் அந்தப் பிள்ளை வாசிக்கும். வில்லரேயில், ஊர் இன்னது, ஒழுங்கை இன்னது, ஜனிட்டர். வேறு யார்? கலியாணம் அதோடு நிற்கும். நிற்காமலும் விடலாம். ஆனால் என் பிள்ளையை அந்த வீட்டில் வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டு மாறின முகத்தோடு பார்ப்பார்கள்.

கேட்கலாம் என்றுதான் இரண்டு தரம் படியேறினேன். ஹீட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். மூன்றாம் தரம் அவர் கல்லூரிக்குப் போன பிறகு ஏறினேன். திறப்பு என்னிடம் இருக்கே.

அதுவரைக்கும் ஒரு வீட்டையும் நான் அப்படித் திறந்ததில்லை. பட்டப்பகல். ரேடியேட்டர் டிக் டிக் என்றது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். களவெடுக்கப் போகிறவன் சப்பாத்துக் கழற்றுகிறான் பார்.

முதல் பெட்டியைத் திறந்தேன். அட்டையை இழுத்தேன். மலையாள எழுத்து.

அடுத்தது. மலையாளம். அடுத்தது. அதுவும் அதுதான். ஏழு பெட்டியும் அப்படித்தான். என்னுடைய அட்டை அதுக்குள்ளே எங்கேயோ இருக்கிறது. என் அப்பா, என் ஒழுங்கை, எல்லாம். எது என்று எனக்குத் தெரியவில்லை. முழு வீட்டுத் திறப்பும் இருந்து என்ன? நிலத்தில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். எழுத்துகளை உற்றுப் பார்த்தால் நம்முடைய எழுத்து மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. வாலில்லாத ஒரு "ற" மட்டும் பிடிபட்டது. எங்கே பார்த்தாலும் அந்த "ற" நின்றது. மூடி வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவர் கீழே வந்தார். ஒருநாளும் கீழே வராத ஆள்.

"அண்ணே, நாலாம் பெட்டி மூன்றாம் இடத்தில் இருக்கு. இந்தக் கட்டடத்து எலிக்கு எழுத்துத் தெரியுமோ?"

மனிசி சிரித்தாள், பகிடி என்று நினைத்து. நான் சிரிக்கவில்லை.

"எழுத்துத் தெரியாத எலி சேர்" என்றேன். "நான்தான்."

அவரைக் கூட்டிக்கொண்டு பாய்லர் அறைக்குப் போனேன். சொன்னேன். கோயில், சாப்பாடு, பெடியனின் தங்கச்சி. அவர் கை கட்டிக்கொண்டு கேட்டார்.

"நான் என் அச்சன் பேர் எழுதினேன்" என்றார். "குழி எந்த மரத்துக்குக் கீழே என்றும் எழுதினேன். ஒளித்தால் அது போகாது, அண்ணே. நிங்ஙள் ஒளிக்கிறது அவர்களுக்குத்தான் சகாயம்."

"இருக்கும் சேர்."

"சொல்லு யாருடையது என்று இல்லாமல் எழுதினால், யாழ்ப்பாணத்தில் எல்லாரும் சொல்லும் என்று ஆகிவிடும். உங்கள் ஆட்களின் வாயில்தான் அது நின்றது. அவர்களை நான் அழிச்சது போல."

"இருக்கும்."

"பின்னே?"

நான் கனக்கக் கதைக்கிறவன் இல்லை. அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"சேர், நீங்கள் மேலையிருந்து கீழை இறங்கி வந்தனீங்கள். அதுக்கு உங்களை ஏசினாங்கள், ஆனால் பெரிய மனிசன் எண்டும் சொல்லுறாங்கள். நான் கீழையே நிக்கிறன். நான் எங்கை இறங்கிறது? என்ரை பிள்ளையைத்தான் இறக்கோணும்."

பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. அவர் கட்டின கையை அவிழ்த்தார்.

"அது நான் எழுதியிட்டில்ல" என்றார்.

அவ்வளவுதான். மேலே போய்விட்டார். எழுதியிட்டில்ல என்றால் இதுவரைக்கும் எழுதவில்லை; இனி எழுதுவாரோ, எழுதாமல் விடுவாரோ? நான் சொன்னதையும் ஒரு அட்டையில் எழுதப் போகிறாரோ? இரண்டு கிழமை, பதினாலு நாளும், அந்தக் குழப்பத்தோடு குப்பை கட்டினேன். மனிசி என்ன என்று கேட்டாள். ஹீட்டர் என்றேன்.

ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார். அட்டையை மேசையில் எடுத்து வைத்திருந்தார். விரலை வைத்து எனக்கு வாசித்தார். சொல். என் பேர். ஊர். ஒழுங்கை. ஆட்கள். அப்பாவின் தொழில். கடைசியில் ஒரு வரி. அதை மட்டும் வாசிக்கவில்லை.

"அது என்ன சேர்?"

"நீல மைக் கோப்பையில் சாயா குடிச்சு என்று எழுதியிருக்கு" என்றார். பொய்யோ உண்மையோ தெரியாது. அட்டையை என்னிடம் நீட்டினார். "கொண்டு போ."

"அப்ப கட்டுரை?"

"ஒரு இங்கிலீசுச் சஞ்சிகைக்குக் கொடுத்தேன். யார் சொன்னது, எந்த ஊர் என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியென்றால் வேண்டாம் என்றார்கள். அது போச்சு."

சாதாரணமாய்ச் சொன்னார். அந்தக் கட்டுரைக்காக இரண்டு வருசம் பஸ்ஸில் வாசித்த மனிசன். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. "சிங்க் ஓடுதோ சேர்?" என்று கேட்டேன். "ஓடும்" என்றார். இறங்கி வந்தேன்.

கலியாணம் நடந்தது. அவரும் வந்தார், வேட்டியோடு. பெடியனின் தங்கச்சி ஓடிப்போய் அவரோடு கதைத்தாள். என் சம்பந்தியும் பக்கத்தில் போய் நின்றார். நான் பந்தியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன கதைத்தார்களோ. சம்பந்தி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அது என்ன சிரிப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இரண்டு வருசத்தில் அவர் ஓய்வெடுத்துக் கேரளாவுக்கே போய்விட்டார். பெட்டிகளை நான்தான் கட்டிக் கொடுத்தேன், வரிசை மாறாமல். போய் ஒரு வருசத்தில் எனக்கு ஒரு மலையாளச் சஞ்சிகை தபாலில் வந்தது. கடிதம் இல்லை. ஒரு பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தது. அந்தப் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், ஏழு என்று இலக்கம் போட்டு ஒரு வரி.

சஞ்சிகையை அலுமாரியில் வைத்தேன். ஒரு மாதம் தொடவில்லை. இங்கிலீசில்தானே போடவில்லை. மலையாளத்தில்தான் அவர் அடி வாங்க எழுதுகிறவர். எழுதியிருந்தால்? இங்கே எங்கள் ஆட்கள் ஒருத்தரும் மலையாளம் வாசிக்க மாட்டார்கள், பயமில்லை. ஆனாலும் எங்கேயோ ஒரு காகிதத்தில் அது கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு எப்படி இருப்பது?

மூன்றாம் மாடியில் ஒரு மலையாள நேர்ஸ் இருந்தா. வேலையால் வருகிற நேரம் பார்த்து வாசலில் நின்றேன்.

"பிள்ளை, இந்த ஒரு வரியை வாசிக்கிறியளோ?"

சப்பாத்தில் ஸ்னோவோடு நின்று வாசித்தா.

"இது ஒரு ஸ்நேகிதன் பறஞ்ஞதாணு. ஸ்தலம் பறஞ்ஞில்ல."

"ஸ்தலம் எண்டால் கோயிலோ?" என்றேன்.

"கோயில் அல்ல, அங்கிள். ஸ்தலம். இடம், ஊர்."

மற்றதெல்லாம் எனக்கு விளங்கியது. இது ஒரு சினேகிதன் பறைஞ்சது. ஊர் பறையேல்லை.

நான் பறைஞ்சனான். ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து எல்லாம் பறைஞ்சனான். அவர் அதை எழுதவும் எழுதினவர். தகப்பன் பேரையே மறைக்காத மனிசன், அடி வாங்க அஞ்சாத மனிசன், சின்ன எழுத்தில் ஒரு பொய்யைப் போட்டுத் தன் நாட்டுக்கே அனுப்பியிருக்கிறார். எனக்காக. ஆறுதலாய் இருந்தது. ஆறுதலோடு சேர்த்து, ஏதோ என் கையால் அவரிடம் ஒன்றை உடைத்துப்போட்ட மாதிரியும் இருந்தது.

"நல்ல விசயமோ அங்கிள்?" என்று நேர்ஸ் கேட்டா.

"தெரியேல்லை பிள்ளை."

என் பேர்சுக்குள் அந்த அட்டை இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதன் கடைசி வரியையும் வாசிக்கச் சொல்லலாம் என்று கை போனது. எடுத்தால் ஊரும் சேர்ந்து வந்துவிடும். எடுக்கவில்லை. ஈரப் படியைத் துடைக்கத் துணி எடுக்கப் போனேன்.